அடியில் செம்மண்

மெலோவில் ஜூலை என்றால் கடுங்குளிர்.
குளிரில் கிரீஸ் கல்.
எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன்,
பிளாக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன்.
சூடு போதும்.
டிஸ்ட்ரிபியூட்டருக்கு ரொட்டிப் பை,
கார்புரேட்டர் வாய்க்கு ஒற்றைக் காலுறை,
பிறகு மண்ணெண்ணெய்.

பூசிவிட்டுக் காத்திருப்பதுதான்
இந்த வேலையில் பாதி.
கையைத் துடைக்காமல் மாத்தே உறிஞ்சினேன்.
மூன்றாம் மடக்கில்
எது இலை எது எண்ணெய் என்று நாக்குக்குத் தெரியவில்லை.

குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையைப் பிரித்துப் போட்டு
மல்லாந்து நுழைந்தேன்.
அறுபத்து நான்காம் வருடத்து ஃபோர்டு லாரி
என் மூக்குக்கு ஒரு சாண் மேலே.
தகடு முதலில் வழுக்கியது, பிறகு பிடித்தது.
சீமைமாதுளம்பழ அல்வா போல
கனத்த துண்டுகளாகக் கழன்று
கழுத்தில் விழுந்தது, காதில் விழுந்தது.
தகடு போகாத மூலைக்குச் சாப்பாட்டுக் கரண்டி,
கரண்டி போகாத மூலைக்கு என் நகம்.

மேல் படலத்தில் ஆட்டு மயிர், நெருஞ்சி போல் ஒரு முள்,
சோடா பாட்டில் மூடி, குருவியின் வால் இறகு.
இவை எனக்குத் தெரிந்தவை.
அடுத்த படலம் வெளுப்பு, சுண்ணாம்புக் குவாரித் தூசி.
அதுவும் தெரியும்.
அதற்கும் உள்ளே
சிவப்பு.

இங்கே மண் கறுப்பு.
நான் ஓட்டிய சாலை எல்லாம் கறுப்பு.
சிவப்பு எல்லைக்கு அப்பால், பிரேசில் பக்கம்.
"இந்த வண்டி ஊரைத் தாண்டியதே இல்லை,
என் மாமா காலத்திலிருந்து ஒரே கை"
என்று விரல் நுனியை முத்தமிட்டு
உல்பியானோ சத்தியம் செய்தது
போன மார்ச் மாதம்.

சுரண்டினேன்.
வெளியே பச்சை லாரி;
சட்டத்தின் உட்புறம்
நேற்றுப் பூசியது போன்ற நீலம்.
முப்பது வருடத் துருவிலிருந்து அதைக் காப்பாற்றியது
காலையிலிருந்து நான் வைதுகொண்டிருந்த
இதே அழுக்கு.

வலது முன்சக்கரத்தின் பின்னால்
கம்பித் தூரிகைக்கு எண்கள் தட்டுப்பட்டன.
வியாழக்கிழமை சோதனைக்காக
பத்திரத்து எண்ணை மனப்பாடம் செய்திருந்தேன்.
ஆறு எண்கள் வரிசையாக வந்து நின்றன.
ஏழாவது பத்திரத்தில் மூன்று,
இரும்பில் எட்டு.
எட்டின் இடுப்பை யாரோ அரத்தால் தேய்க்கத் தொடங்கி
பாதியில் விட்டிருக்கிறார்கள்.
மீதியை எஞ்சின் கசிவு பார்த்துக்கொள்ளும்
என்று நம்பியிருக்கிறார்கள்.
பார்த்துக்கொண்டது.

கூப்பிட்டு அனுப்பினேன்.
வீட்டுச் செருப்போடு வந்தார் உல்பியானோ.
பத்துத் தவணையில் ஆறு இன்னும் அவருக்குப் பாக்கி.
பேசாமல் என் பக்கத்தில் அட்டையில் படுத்தார்.
தெருவில் போனவர்களுக்கு
லாரிக்கு அடியில் நான்கு கால்கள் மட்டும்
தெரிந்திருக்கும்.
விளக்கைக் கிட்டே பிடித்தேன்.
அவர் எட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உன்னை யார் கழுவச் சொன்னது, தெல்மீரா?"

நான் பதில் சொல்லவில்லை.
அவரே, தணிந்த குரலில்:
"இன்ஸ்பெக்டருக்கு இடுப்புவலி.
அழுக்கு வண்டிக்குக் குனிய மாட்டான்.
பளபளவென்று நின்றால்
யாருக்கும் குனிந்து பார்க்கத் தோன்றும்."

எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு போனார்.
முதுகு முழுக்கச் சிவப்பு. அவருக்குத் தெரியாது.

சோப்புத் தண்ணீர் அடித்து, துணியால் ஒற்றி,
ரொட்டிப் பையை அவிழ்த்தேன். காலுறையை எடுத்தேன்.
முதல் திருகலிலேயே கிளம்பியது.
ஓட ஓட
கழுவிய எண்ணெய்த் தொட்டியின் விளிம்பில்
ஒரு சொட்டு திரண்டு, நீண்டு, விழுந்தது.
இத்தனை நாள் அந்த ஓட்டையை அடைத்திருந்ததும்
நான் வழித்துப் போட்டதுதான்.
ஒரு மத்தி மீன் டப்பாவை அதற்கு நேராக வைத்தேன்.

வாளி நிறையக் கறுப்பு, பக்கத்திலேயே,
இன்னும் இளஞ்சூடாக.
இரண்டு விரலை அதில் முக்கி எடுத்தேன்.
மறுபடி மல்லாந்து நுழைந்து
எட்டுக்கு நேரே கையை நீட்டி
அப்படியே கிடந்தேன்,
டப்பாவில் சொட்டு விழுவதை
எண்ணிக்கொண்டு.